பயனாளி குழுவில் இடம்பெறலாகாது

மனித குலத்தின் துன்பங்களுக்கெல்லாம் மூலகாரணம் என்ன என்று ஞானிகள் காலங்காலமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசை என்றார் ஒருவர். அறியாமை என்றார் இன்னொருவர். இரண்டுமே இல்லை, அலமாரிப் பற்றாக்குறைதான் என்ற மாபெரும் உண்மையைக் கண்டறிந்து உலகுக்கு வழங்கியவர் நம் தலைவர். மூன்றாவது மாடி வீட்டின் கூடத்தில், சாய்வு நாற்காலியில் மல்லாந்தபடி அவர் இதைக் கண்டுபிடித்தார். அந்த நேரத்தில் அவர் கையில் தேநீர் இல்லை. அதைக் கேட்டுத்தான் உள்ளே குரல் கொடுத்திருந்தார்.

தலைவர் என்றால் நாட்டுக்குத் தலைவர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். தேர்தல் நடந்த அன்று நல்ல மழை. கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லாரும் சேர்ந்து, வந்திருந்த ஒரே ஆளைத் தலைவராக்கிவிட்டார்கள். அலுவலகத்திலும் அவருக்குப் பொறுப்பான உத்தியோகம்தான். மற்ற அலுவலகங்கள் போடும் திட்டங்களைப் படித்துப் பார்த்து, ‘மறுபரிசீலனைக்கு’ என்று எழுதித் திருப்பி அனுப்பும் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி. பாலம், பள்ளிக்கூடம், பொதுக் கழிப்பிடம் என்று அவர் கைபட்டு வந்த வழியே திரும்பிப்போன திட்டங்கள் ஏராளம். தன்னால் எவ்வளவு சிமெண்ட் மிச்சம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவள். பகல் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், மறுபடி நிற்பதற்காக நேரே அடுப்படிக்குப் போவாள்.

"ஒரு டீ கேட்டேனே?" என்றார் தலைவர்.

"ஏங்க, நானும் இப்பத்தானே வீட்டுக்குள்ள கால வெச்சேன். வந்து ஒரு கை குடுக்கக் கூடாதா?"

"குடுக்கத்தான் துடிக்கிறேன். அங்க ரெண்டு பேரு நிக்க எடம் எங்க இருக்கு, சொல்லு? நான் உள்ள வந்தா நீ மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கணும். நீ மூச்ச விட்டா நான் ஜன்னல் வழியா தெருவுக்குப் போயிடுவேன்."

கல்யாணமான புதிதில் இதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அதில் பொய்யும் இல்லை. அந்த அடுப்படியில் ஒரு பக்கம் சமையல் மேடை, மறுபக்கம் துருப்பிடித்த இரும்பு ரேக், அதன் காலடியில் அரிசி டின், தண்ணீர் டிரம். குளிர்பதனப் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் திறக்கிற ஆளே ஓர் அடி பின்வாங்கிக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். இந்த நெருக்கடியைத் தலைவர் உயிரைப்போலக் காப்பாற்றி வந்தார். அதற்கும் மேலே ஏதாவது பேச்சு வந்தால், "என்னைய மாதிரி ஒரு தண்டத்தைக் கட்டிக்கிட்டியே, உன் தலையெழுத்து" என்று முந்திக்கொள்வார். எதிராளி வாயைத் திறப்பதற்குள் தன்னைத் தானே நாலு திட்டுத் திட்டிக்கொண்டால், எதிராளிக்குத் திட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. தனக்கு வேலையும் மிஞ்சாது.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"சரிங்க. அப்ப ரெண்டு பேரு நிக்கிற மாதிரி மாத்திடுவோம்."

"எதை?"

"அடுப்படியத்தான். அந்த ரேக்கத் தூக்கிப் போட்டுட்டு, மேல நாலு ரெடிமேட் அலமாரி மாட்டினாப் போதும். கீழ எடம் காலியாயிடும். இப்பல்லாம் மலிவாவும் கிடைக்குது, பாக்கவும் அம்சமா இருக்கு. எங்க நர்ஸம்மா வீட்ல பாத்துட்டுத்தான் வர்றேன். அந்தம்மா காய வெட்டுறாங்க, பக்கத்துல அவங்க வீட்டுக்காரரு வதக்குறாரு. எதையோ பேசிச் சிரிச்சுக்கிறாங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சுங்க. அலமாரியப் பாத்து இல்ல."

தலைவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தினமும் அந்த ஒரு மணி நேரம் ஒரு ஆளு பக்கத்துல நின்னாப் போதும். கால் வலி கூடத் தெரியாது எனக்கு. செய்யலாமா?"

இப்படிக் கேட்டால் மனுஷன் என்ன சொல்வான்? "செஞ்சுடலாமே!" என்றார் தலைவர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அவர்மேல் யாரும் அபாண்டமாகப் பழி போடக் கூடாது. சாய்வு நாற்காலியை விட்டு எழ வேண்டியிருக்குமே என்ற கவலை இருந்தது உண்மை. ஆனாலும் மனைவி ஆசையாகக் கேட்டதை அழகாகச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அன்று மாலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். அழகாகச் செய்வதென்றால் முறைப்படி செய்ய வேண்டும். முறைப்படி செய்வதென்றால் அவருக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். மறுநாள் காலை குழு அமைக்கப்பட்டது.

‘சமையலறை மேம்பாட்டுக் குழு’வின் தலைவர், தலைவர். உறுப்பினர், கல்லூரியில் படிக்கும் மகள்.

"நான்?" என்றாள் மனைவி.

"நீ பயனாளிம்மா. பயனாளி குழுவில் இடம்பெறலாகாது. அது எங்க ஆபீஸ்ல பாலபாடம்."

"ஏனாம்?"

"சொந்த விருப்பு வெறுப்பு வந்துடும். பாலம் கட்டக் குழு போட்டா, ஆத்தக் கடக்கிறவனையா கூப்பிட்டு உக்கார வெக்கிறாங்க?"

"அதனாலதான் உங்க பாலமெல்லாம் வரலையோ?"

பயனாளியின் இந்தக் கருத்து மகிழ்ச்சியுடன் கேட்டுக்கொள்ளப்பட்டது. பயனாளி வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள்.

குழு அடிக்கடி கூடியது. எதற்கெல்லாம் கூடியது என்று கேட்டால், முக்கியமாக நிறத்துக்காகக் கூடியது. அலமாரிக் கதவு பால் வெள்ளையா, முத்து வெள்ளையா என்ற பிரச்சினை குழுவை வாட்டி எடுத்தது.

"அப்பா, ரெண்டும் ஒரே வெள்ளைதான்பா."

"உத்துப் பாரு. இது கொஞ்சம் கம்பீரமான வெள்ளை."

ஆராய்ச்சிக்காகத் தலைவர் கைபேசியில் காணொளிகள் பார்த்தார். சிறிய சமையலறையைச் சொற்பச் செலவில் ‘ஸ்டைலாக’ மாற்றியவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். எல்லாரும் வெள்ளை வெளேரென்று சிரித்தார்கள். எல்லார் சமையல் மேடையிலும் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது. ஒருவர் அடுப்பிலும் ஒன்றும் வேகவில்லை. தலைவர் இதை நுட்பமாகக் கவனித்து, எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

பிறகு ஒரு நாள் குழு நேரடிக் கள ஆய்வுக்குப் புறப்பட்டது. அலமாரிக் கடை ஒரு விமான நிலையத்தைப் போலக் குளிர்ந்து கிடந்தது. வரிசையாக மாதிரிச் சமையலறைகள். ஒன்றிலும் சுவர் இல்லை, கரி இல்லை, கரப்பான் இல்லை. சீருடை அணிந்த விற்பனைப் பெண் ஒருத்தி அளவு நாடாவோடு ஓடி வந்தாள்.

"வாங்க சார். எங்க கடையில எல்லாமே ரெடிமேட்தான், ஆனா பயன்படுத்துறவங்க உயரத்துக்குத் தகுந்த மாதிரி மேடையோட காலையும் மேல் அலமாரி உயரத்தையும் ஏத்தி இறக்கிக்கலாம். வீட்ல சமைக்கிறது யாரு சார்?"

வரலாற்றில் சில கேள்விகள் அப்படித்தான் திடுதிப்பென்று வந்து நிற்கும். ‘என் மனைவி’ என்று சொல்லத்தான் தலைவர் வாயெடுத்தார். ஆனால் பயனாளி குழுவில் இல்லை. இல்லாத ஆளை அளக்க முடியாது. பயனாளியின் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் வாயிலிருந்து அது நழுவிவிட்டது.

"நான்தான்."

"நீங்களா சார்!" அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். உடனே திரும்பி, "இங்க வாங்களேன், சாரு அவரே சமைப்பாராம்!" என்று அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தாள். இரண்டு பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி, "உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க சார்" என்றாள். இன்னொருத்தி பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தாள். தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. அத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு பாலத்தை நிறுத்தியதற்குக் கூட யாரும் அவருக்குப் பழச்சாறு தந்ததில்லை.

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, என்னப்பா இது?"

"சும்மா இரும்மா. உதவி பண்ணப் போறேன்ல? அப்ப நானும் சமைக்கிறவன்தானே?"

அளவெடுத்தார்கள். முழங்கை எவ்வளவு உயரம் என்று பார்த்தார்கள். கையை மேலே தூக்கச் சொன்னார்கள். தலைவர் ஒட்டடைக்கம்பு மாதிரி நெடுநெடுவென்று இருப்பவர்; கையைத் தூக்கியபோது கடையின் விளக்கே கைக்கெட்டியது. நடைவழிக்காக உடம்பின் அகலத்தையும் பார்த்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தலைவரை அளக்க நாடா தேவையில்லை, சாண் போதும்.

"சார், ஒல்லியா இருக்கீங்களே! அப்ப எதிர்ச் சுவத்துலயும் ஒரு வரிசை கீழ் அலமாரி போட்டுடலாம். அத எடுத்தீங்கன்னா மேல் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு இலவசம்."

தலைவருக்குத் திடீரென்று திட்டத்தின் நோக்கம் ஞாபகம் வந்தது. "ரெண்டு பேரு நிக்கணுமே?"

"தாராளமா நிக்கலாம் சார். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்."

டிக்கெட் எடுக்குமிடத்தில் நூறு பேர் அப்படித்தானே நிற்கிறார்கள். தலைவருக்கு இதில் மறுபரிசீலனைக்கு ஒன்றும் தென்படவில்லை.

அலமாரிகளும் அவற்றோடு சேர்ந்த புதுச் சமையல் மேடையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின. மனைவி வேலைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தார். பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்பது அவர் ஆசை. கடை ஆட்கள் பலகைகளை எடுத்து அடுக்கினார்கள். பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் எழுத்தே இல்லை, எல்லாம் படம்தான். முதல் படத்தில் தனியாக நின்று பலகையைத் தூக்கும் ஒருவன் முகம் வாடியிருந்தது. அவன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. அடுத்த படத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அலமாரிக் கம்பெனிக்காரனே ரெண்டு பேருன்னுதான் போட்டிருக்கான்பா" என்றாள் மகள்.

"அது மாட்டுறதுக்கும்மா. சமைக்கிறதுக்கு இல்ல."

டிரில் சத்தத்துக்கு நடுவே மேல் அலமாரி சுவரில் ஏறியது. மகள் அண்ணாந்து பார்த்தாள். "இவ்ளோ உயரமாவா? அம்மாவுக்கு எட்டாதுப்பா. அம்மா என் தோளுக்குத்தான் வருவாங்க."

உறுப்பினரின் ஆட்சேபம் நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது. கடை ஆட்கள் போனபின் தலைவர் கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்களை அடுக்கி, அடுப்படி வாசலில் குறுக்கே ஒரு சிவப்பு நாடாவும் கட்டினார்.

பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. கம்பீரமான வெள்ளையில் கதவுகள் பளபளத்தன. இழுப்பறைகள் தள்ளினால் சத்தமே இல்லாமல் தாமாக மூடிக்கொண்டன. சாயங்காலம் வந்த மனைவி, தோளில் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். நாள் முழுக்க நின்ற களைப்பு முகத்திலிருந்து ஒரு நொடியில் போயிற்று.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். நாடாவை வெட்டினாள். உள்ளே காலை வைத்தாள்.

நேராக வைத்த கால் போயிற்று, உடம்பு போகவில்லை. நம் பயனாளி குள்ளம். ஆனால் அந்த நஷ்டத்தை அகலத்தில் ஈடுகட்டியவள். சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் திரும்பி நுழைந்தாள். புது மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது. அடுப்பு மோவாய்க்கு நேரே இருந்தது. கையைத் தூக்கினாள். மேல் அலமாரியின் அடிப்பலகையில் விரல் நுனி பட்டது. குதித்துப் பார்த்தாள். மறுபடியும் நுனிதான்.

"நீங்களும் வாங்க" என்றாள். சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "ரெண்டு பேரும் நின்னு பாப்போம்."

தலைவர் போனார். முன்பெல்லாம் மூச்சைப் பிடித்தால் இரண்டு பேர் நிற்கலாம். இப்போது மூச்சை அடியோடு நிறுத்தினாலும் முடியாது. தலைவர் பின்வாங்கினால்தான் அவள் வெளியே வரலாம் என்று ஆயிற்று. வெளியே வந்தவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"நான் அலமாரியா கேட்டேன்? பக்கத்துல நிக்க ஒரு ஆளத்தானே கேட்டேன்."

"என்னைய மாதிரி ஒரு மடச்சாம்பிராணி உலகத்துல..."

"அத அப்புறம் திட்டிக்குவோம். இது யாரு அளவுங்க?"

தலைவர் எலுமிச்சம்பழக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பயனாளியின் சார்பில்..."

"யாரு அளவு?"

"என்னோடது."

"அப்ப அந்த அளவுக்கு ஏத்த ஆளே சமைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். நேராகப் போய்ச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்தாள். அந்த நாற்காலியில் அவள் படுத்துத் தலைவர் பார்த்ததே இல்லை.

அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அந்தச் சமையலறை தலைவருக்குப் பொருந்தியது. குனிய வேண்டாம், எக்க வேண்டாம். இடம் போதவில்லை என்று சொல்ல வழியில்லை. தன் இடமே அதுதான். முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் சோறாகாமல் அரிசியாகவே நின்றது. முட்டையைப் பொரிக்கப் போய்ப் புகையில் மகளைக் காணவில்லை. வெங்காயம் நறுக்கியபோது ஒரு அதிகாரி அழக் கூடாத அளவுக்கு அழுதார்.

"ஏய், யாராவது வந்து ஒரு கை குடுங்களேன்!" என்று கத்தினார்.

"எங்கப்பா நிக்கிறது?" என்று கூடத்திலிருந்து மகளின் குரல் வந்தது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், அலுவலகத்திலிருந்து வந்த கையோடு அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தார். குதிகாலிலிருந்து இடுப்பு வரைக்கும் விண்விண் என்று தெறித்தது. இத்தனைக்கும் அவர் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தவர். அவள் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து, இதே இடத்தில் மறுபடி நின்றாளே, எப்படி நின்றாள்? ஒரு டீக்காக உள்ளே குரல் கொடுத்தோமே என்று நினைத்தபோது தலைவருக்கு வெட்கமாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மேடையின் காலை அறுத்து இறக்கிவிட வேண்டும், எதிர் வரிசையைக் கழற்றிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நாளைக்கே ஆளை வரச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார். உலை கொதிக்கும் வரை அந்த எண்ணம் உறுதியாக இருந்தது.

உலை கொதித்த நேரத்தில் சங்கத்தின் செயலாளர் வந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் ஓடவில்லை என்று சொல்ல வந்தவர், தோளில் துணியும் கையில் கரண்டியுமாக நின்ற தலைவரைப் பார்த்து மோட்டாரை மறந்தார்.

"தலைவரே! நீங்களா? உங்க கையாலயா?"

"என்ன பண்றது, ஏதோ என்னால முடிஞ்சது. நேத்து உப்பே போடல. இன்னிக்கு ரெண்டு தடவ போட்டுட்டேன். நேத்தையும் சேத்துச் சரியாயிடும்ல?"

செயலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவ்ளோ பெரிய ஆளா இருந்துக்கிட்டு எவ்ளோ எளிமை தலைவரே!"

மேடையின் காலை அறுக்கும் திட்டம் அந்த இடத்திலேயே மறுபரிசீலனைக்குப் போயிற்று.

செய்தி இரவு சாப்பாட்டுக்கு முன் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கிவிட்டது. மறுநாள் வேலை முடிந்து படியேறி வந்த மனைவியை மாடிக்கு மாடி நிறுத்தினார்கள்.

"உங்களுக்கென்ன, குடுத்து வெச்சவங்க!"

"மேல வெச்சிருக்குங்க, எனக்குத்தான் எட்டல" என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள்.

தலைவரின் தொண்டு அன்றிலிருந்து சூடுபிடித்தது. வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சமைத்தார். சமைத்ததைவிட அதிகமாகப் படமெடுத்தார். எல்லாப் படத்திலும் எலுமிச்சம்பழம் இருந்தது. பாத்திரம் கழுவுவது ‘சமையல்’ என்ற வரையறைக்குள் வராது என்று குழு தெளிவுபடுத்தியது. புதுத் தொட்டியின் விளிம்பு மனைவியின் நெஞ்சுக்கு மேலே இருந்தபடியால், அவள் பாத்திரங்களை வாரிக்கொண்டு போய்க் குளியலறையில் மணைபோட்டு உட்கார்ந்து கழுவினாள். அங்கே கதவு சாத்தியிருந்ததால் யாரும் படமெடுக்கவில்லை.

கடைசியில் சங்கத்தின் சிறப்புப் பொதுக்கூட்டம் தலைவர் வீட்டுக் கூடத்திலேயே கூடியது. பொருள் ஒன்றே ஒன்று: தலைவரைப் பாராட்டுவது. இம்முறை மழை இல்லை, நல்ல கூட்டம். தலைவர் சாய்வு நாற்காலியை நிமிர்த்திப் போட்டு நடுநாயகமாக அமர்ந்தார். செயலாளர் பேசினார். பொருளாளர் பேசினார். வீட்டில் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத இரண்டு பேர், ஆண்கள் சமைக்க வேண்டியதன் அவசியம் பற்றி உருக்கமாகப் பேசினார்கள்.

பிறகு ஏற்புரை. "என்னையப் போய்ப் பாராட்டுறீங்களே, நான் ஒரு அரைவேக்காடு" என்று ஆரம்பித்தார் தலைவர். "என் சோத்த விடவும் அரைவேக்காடு!" கூடம் குலுங்கியது. தன் உயரத்தைக் கேலி செய்தார், தன் மூளையைக் கேலி செய்தார், முட்டையைப் பொரிக்கப் போய் மகளைத் தேடிய கதையைச் சொன்னார். அவர் தன்னைத் தாழ்த்தத் தாழ்த்தக் கைதட்டல் உயர்ந்தது.

அப்படி ஒரு சிரிப்பலைக்கு நடுவே அவர் கண் சமையலறைப் பக்கம் போயிற்று. இத்தனை பேருக்கும் தேநீர் வேண்டுமே. கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் மனைவி ஏறி நின்றாள். ஒரு கையால் இழுப்பறையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் நீளக் கரண்டியை எடுத்து, மேல் அலமாரியில் இருந்த தேயிலை டப்பாவை விளிம்புக்கு நெம்பிக்கொண்டிருந்தாள். வாளி ஆடியது. எழுந்து போய்க் கையை நீட்டினால் ஒரு நொடி வேலை. அவருக்காகவே அளந்து மாட்டிய உயரம். எழுந்துகொள்ளத்தான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துச் செயலாளர், "தலைவருக்கு எல்லாரும் பலமா ஒருமுறை கைதட்டுங்க" என்றார். தட்டுகிறபோது எழுந்து போவது சபை மரியாதை அல்ல. தலைவர் கைகூப்பியபடி உட்கார்ந்தேயிருந்தார்.

செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். "இல்லத்தரசியின் சுமையைத் தன் தோளில் ஏற்று, அவருக்கு முழு ஓய்வு வழங்கியுள்ள நம் தலைவருக்கு ‘முன்மாதிரிக் கணவர்’ என்னும் பட்டம் வழங்கி இச்சங்கம் பெருமை கொள்கிறது. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!"

கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. சரியாக அந்த நேரத்தில் பயனாளி, ஆவி பறக்கும் கோப்பைகள் அடுக்கிய பெரிய தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, பக்கவாட்டில் ஒதுங்கிச் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். நெற்றியில் வியர்வை. தீர்மானத்தை அவள் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

செயலாளர் விதிமுறையில் கறாரானவர். "தலைவரே, உங்க வீட்டம்மா மட்டும் கை தூக்கல. ஒருமனதாகன்னு எழுதவா, வேண்டாமா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. சிரிப்பு அடங்கியது. அவள் தலைவரையே பார்த்தாள். யாராவது ஒருத்தர் எழுந்து அந்தத் தட்டை வாங்கிக்கொண்டால் போதும், அவள் கை காலியாகிவிடும். காலியான கை எந்தப் பக்கம் உயரும் என்பது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே ஒருவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

"அட, ரெண்டு கையிலயும் டீ இருக்கு, பாவம், எப்படித் தூக்குவா?" என்றார் தலைவர் சிரித்துக்கொண்டே. "ஆதரவுன்னே போட்டுக்குங்க."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று செயலாளர் எழுதினார். தலைவர் முதல் கோப்பையை எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். கடைசிக் கோப்பையும் போய் அவள் கை காலியானபோது கூட்டம் முடிந்துவிட்டிருந்தது. கூட்டம் முடிந்தபின் தூக்கப்படும் கை, சங்க விதிப்படி, செல்லாது.